எண்டோஸ்கோப்பியும் ஸ்கேனும் முடிந்த பிறகு இன்னொரு பரிசோதனை ஏன்? எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட்: ஒரு விளக்கம்

மேல்வயிற்று வலிக்காகவோ மஞ்சள் காமாலைக்காகவோ மருத்துவமனைக்குச் செல்பவருக்கு முதலில் வயிற்று அல்ட்ராசவுண்ட், அடுத்து எண்டோஸ்கோப்பி, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் என்று ஒரு வரிசை உண்டு. இவை எல்லாம் முடிந்த பிறகும் சிலரிடம் மட்டும் "இ.யூ.எஸ். ஒன்று எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று குடல்நோய் மருத்துவர் சொல்கிறார். எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் என்பதன் சுருக்கமே இது. கேட்பவர் மனத்தில் உடனே இரண்டு ஐயங்கள் எழுகின்றன. ஏற்கெனவே எடுத்ததையே வேறு பெயரில் மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்களா? புற்றுநோய் என்ற சந்தேகத்தால்தான் இதைச் சொல்கிறார்களா? முன்னதற்கு இடமே இல்லை. முந்தைய பரிசோதனைகள் எவையும் எட்டாத இடத்தை இது பார்க்கிறது. பின்னது சில நேரங்களில் உண்மை. ஆனால் ஒரு சிறு பித்தக்கல்லைத் தேடுவதற்கும் இதே பரிசோதனையைத்தான் செய்கிறார்கள்.

வழக்கமான பரிசோதனைகள் எங்கே நின்றுவிடுகின்றன

எண்டோஸ்கோப்பி என்பது நுனியில் கேமராவும் விளக்கும் பொருத்திய, வளையக்கூடிய குழாயை உள்ளே செலுத்தி உணவுப்பாதையின் உட்புறத்தைப் பார்க்கும் முறை. புண், ரத்தக்கசிவு, உள்வரியில் முளைத்த கட்டி ஆகியவற்றை அது மிகத் தெளிவாகக் காட்டும். ஆனால் ஒளி படுகிற பரப்போடு அதன் எல்லை முடிந்துவிடுகிறது. இரைப்பையின் சுவர் ஏறத்தாழ 3 முதல் 4 மி.மீ. தடிமன் கொண்டது, அந்தத் தடிமனுக்குள் புதைந்திருப்பதையோ அதற்கு வெளியே ஒட்டிக் கிடப்பதையோ கேமராவால் பார்க்க இயலாது. உள்ளே ஒரு மேடு தெரிந்தால், அது சுவரில் வளர்ந்த கட்டியா, வெளியிலிருந்து வேறோர் உறுப்பு அழுத்துவதால் உண்டான புடைப்பா என்பதைக்கூடப் பல நேரங்களில் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

வயிற்றின் மேல் கருவியை வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்டுக்குச் சிக்கல் வேறு திசையிலிருந்து வருகிறது. மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வெண் கொண்ட ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குவது அல்ட்ராசவுண்டின் அடிப்படை. இந்த ஒலி திசுவிலும் நீரிலும் எளிதாகச் செல்லும். காற்றைச் சந்தித்தவுடன் ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிடும். கணையம் முதுகெலும்புக்கு முன்னாலும் இரைப்பைக்குப் பின்னாலும் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. தோலிலிருந்து புறப்படும் ஒலி, கொழுப்பையும் தசையையும் கடந்து, காற்று அடைத்த இரைப்பையையும் பெருங்குடலையும் தாண்டித்தான் அதை அடைய வேண்டும். "வாயு காரணமாகக் கணையம் முழுமையாகத் தெரியவில்லை" என்று ஸ்கேன் அறிக்கைகளில் அடிக்கடி காணப்படும் வரி, உறுப்பில் கோளாறு இருப்பதைச் சொல்லவில்லை; ஒலி போய்ச் சேரவில்லை என்பதையே சொல்கிறது.

சி.டி. ஸ்கேனுக்கு வாயு தடையாக இருப்பதில்லை. கட்டி ரத்தக்குழாய்களைச் சூழ்ந்திருக்கிறதா, கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா என்பதற்கு இன்றும் முதன்மையான பரிசோதனை அதுவே. இருந்தாலும் 2 செ.மீ.க்கும் குறைவான கணையக் கட்டி சுற்றியுள்ள திசுவைப் போன்ற அடர்த்தியோடு இருந்தால் சி.டி.யில் தப்பிவிடலாம். பித்தநீரை ஒத்த அடர்த்தியுள்ள கொழுப்புக் கற்களும் அப்படியே தப்பிவிடும்.

தொலைவைக் குறைத்தால் என்ன கிடைக்கும்

தீர்வு எளிய தர்க்கத்திலிருந்து பிறந்தது. வெளியிலிருந்து அனுப்பும் ஒலியை வாயு தடுக்கிறது என்றால், ஒலி புறப்படும் இடத்தையே இரைப்பைக்குள் கொண்டுபோய்விட வேண்டும். 1980இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த டிமேக்னோ குழுவினரும், ஜெர்மனியில் ஸ்ட்ரோம், கிளாசென் ஆகியோரும் எண்டோஸ்கோப்பின் நுனியில் ஒலிக்கருவியைப் பொருத்தி எடுத்த முதல் படங்களைப் பற்றி எழுதினார்கள். கணையத்தைப் பார்க்க வேண்டும் என்பதே அந்த முயற்சிகளுக்குப் பின்னால் இருந்த முக்கியத் தூண்டுதல்.

தொலைவு குறைவதால் இன்னொரு ஆதாயமும் உண்டு. அதை உணர அதிர்வெண்ணுக்கும் ஊடுருவலுக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொள்ள வேண்டும். திருவிழா நடக்கும்போது தவிலின் தடித்த ஓசை ஊர் எல்லை வரை கேட்கும், ஜால்ராவின் கூரிய ஒலி பக்கத்துத் தெருவிலேயே தேய்ந்துவிடும். உடலுக்குள்ளும் அதிர்வெண் குறைந்த ஒலி நெடுந்தூரம் போகும், கூடியது விரைவில் வலுவிழக்கும். ஆனால் நுண்ணிய விவரத்தைக் காட்டவல்லது கூடிய அதிர்வெண்தான். ஒலி, திசுவில் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. வயிற்றின் மேல் வைக்கும் கருவி 3.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கினால் அதன் அலைநீளம் 0.44 மி.மீ.; 10 மெகாஹெர்ட்ஸில் இயங்கினால் 0.15 மி.மீ. அலைநீளம் சிறியதாக ஆக, பிரித்துக் காட்டும் திறன் கூடுகிறது. கணையம் இரைப்பைச் சுவரை ஒட்டியே இருப்பதால், உள்ளிருந்து பார்க்கும் கருவி நெடுந்தூரம் ஊடுருவ வேண்டியதில்லை. ஆகவே 5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். எண்டோஸ்கோப்பின் துளை வழியே நுழைக்கும் மெல்லிய ஒலிக்கம்பிகள் 20 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. அவை ஓரிரு செ.மீ. ஆழத்துக்கு மேல் காட்டுவதில்லை, ஆனால் சுவரின் அடுக்குகளை வெகு துல்லியமாகப் பிரித்துவிடும்.

கருவியில் இரு வகைகள் உள்ளன. ரேடியல் வகை, குழாயைச் சுற்றி 360 பாகையும் வட்டமாகப் படமெடுக்கும். உறுப்புகளின் அமைப்பை ஒரே பார்வையில் புரிந்துகொள்ள அது வசதி. லீனியர் வகை, குழாயின் நீளப்போக்கிலேயே விசிறி வடிவில் படமெடுக்கும். இதில் பார்க்கும் பரப்பு குறைவு என்றாலும், குழாய் வழியாகச் செலுத்தும் ஊசி அதே தளத்தில் செல்வதால், ஊசி எங்கே போகிறது என்பதை நுனிவரை நேரடியாகத் திரையில் காணலாம். 1990களின் தொடக்கத்தில் டென்மார்க் மருத்துவர் பீட்டர் வில்மன் இந்த வகைக் கருவியைக் கொண்டு கணையத்திலிருந்து ஊசியால் திசு எடுத்துக் காட்டினார். அதுவரை படம் பார்க்கும் கருவியாக இருந்தது அதன் பிறகு நோயை உறுதிசெய்யும் கருவியாக மாறியது. இத்துறையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் ஒன்றை என்னால் சுட்ட இயலவில்லை.

சுவரின் ஐந்து அடுக்குகள்

உணவுப்பாதையின் சுவர் இந்தப் படத்தில் வெண்மையும் கருமையும் மாறிமாறி வரும் ஐந்து கோடுகளாகத் தெரியும். ஒலியை நன்றாகத் திருப்பும் பகுதி வெண்மையாகவும், குறைவாகத் திருப்பும் பகுதி கருமையாகவும் பதிவாகிறது. உள்ளிருந்து வெளியே எண்ணினால்:

1. முதல் வெண்கோடு: உட்பரப்பும் சளிச்சவ்வின் மேற்பகுதியும்.
2. முதல் கருங்கோடு: சளிச்சவ்வின் ஆழ்பகுதி.
3. இரண்டாம் வெண்கோடு: சளிச்சவ்வுக்கு அடியில் உள்ள இணைப்புத்திசு அடுக்கு.
4. இரண்டாம் கருங்கோடு: தசை அடுக்கு.
5. கடைசி வெண்கோடு: வெளியுறை.

எண்டோஸ்கோப்பியில் வழவழப்பான உள்வரியால் மூடப்பட்ட ஒரு புடைப்பு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து சாமணத்தால் கிள்ளி எடுக்கும் திசு பெரும்பாலும் சாதாரண உள்வரியாகவே இருக்கும். "கட்டி எதுவும் இல்லை" என்று அறிக்கை வரும். புடைப்போ அங்கேயே இருக்கும். எந்த அடுக்கிலிருந்து அது கிளம்புகிறது என்பது தெரிந்துவிட்டால் விடை பாதி கிடைத்த மாதிரிதான். மூன்றாம் அடுக்கில் ஒரே சீரான வெண்மையாகத் தெரிந்தால் அது கொழுப்புக்கட்டி. வேறு பரிசோதனையும் வேண்டாம், அகற்றவும் வேண்டாம். நான்காம் அடுக்கிலிருந்து கருமையாகக் கிளம்பினால் அது சாதாரணத் தசைக்கட்டியாகவோ ஜி.ஐ.எஸ்.டி. எனப்படும் கட்டியாகவோ இருக்கலாம். இரைப்பையில் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். ஜி.ஐ.எஸ்.டி. புற்றுத்தன்மைக்கு மாறக்கூடியது. அளவு 2 செ.மீ.யைத் தாண்டினாலோ, ஓரம் ஒழுங்கற்றிருந்தாலோ, உள்ளே நீர்க்குழிகள் தெரிந்தாலோ அகற்றுவதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். மிகச் சிறியதாகவும் ஒழுங்காகவும் இருந்தால் கால இடைவெளியில் கவனித்துவருவது போதும்.

புடைப்பு சில நேரங்களில் கட்டியாகவே இராது. கல்லீரல் நோயிலோ, மண்ணீரலிலிருந்து ரத்தத்தைக் கொண்டுசெல்லும் சிரை அடைபட்டாலோ இரைப்பையின் மேற்பகுதியில் சிரைகள் வீங்கித் திரண்டு கட்டியைப் போலவே தோன்றலாம். அதில் சாமணம் வைத்தால் உயிருக்கே ஆபத்தான ரத்தப்போக்கு ஏற்படும். உள்ளே ரத்தம் ஓடுவதை டாப்ளர் முறையில் வண்ணமாகக் காட்டி, சாமணம் வைப்பதற்கு முன்பே எச்சரிக்க இப்பரிசோதனையால் இயலும். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. இரைப்பைச் சுவர் முழுவதும் தடித்து விறைத்துப் போயிருக்கும், ஆனால் உள்வரியில் எடுத்த பயாப்ஸி திரும்பத் திரும்ப இயல்பு என்றே வரும். சுவருக்குள்ளேயே பரவும் ஒருவகை இரைப்பைப் புற்றில் இவ்வாறு நேர்கிறது. அங்கே மூன்றாம், நான்காம் அடுக்குகள் பருத்துக் கிடப்பதை ஒலிப்படம் காட்டிக்கொடுக்கும்.

கணையம்: இப்பரிசோதனையின் சொந்த நிலம்

கணையத்தின் தலைப்பகுதியைச் சிறுகுடலின் தொடக்கமான முன்சிறுகுடலிலிருந்தும், உடல், வால் பகுதிகளை இரைப்பையிலிருந்தும் பார்க்கிறார்கள். இந்த உறுப்பில் நான்கு கேள்விகளுக்கு இ.யூ.எஸ். பயன்படுகிறது. நான்கிலும் அதன் பதிலின் வலிமை ஒன்றல்ல.

முதலாவது, கட்டி இருக்கிறதா என்ற கேள்வி. 2 செ.மீ.க்குக் குறைவான கட்டிகளைக் கண்டறிவதில் இது சி.டி.யை மிஞ்சுகிறது. இன்சுலினை அளவின்றிச் சுரந்து அடிக்கடி மயக்கத்தில் தள்ளும் சிறு கட்டியைத் தேடும்போது இந்த வேறுபாடு மிகவும் உதவும். அத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை அந்த அளவுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அனுபவமுள்ள மருத்துவர் பார்த்து, கணையம் முழுவதும் இயல்பாகவே உள்ளது என்று சொன்னால் அங்கே புற்று இருப்பதற்கான வாய்ப்பு மிகவும் குறைவு.

இரண்டாவது, கட்டி எதனால் ஆனது என்ற கேள்வி. கணையத்தில் தெரியும் திரட்சி எல்லாம் புற்று ஆகிவிடாது. தன்னுடல் தாக்கு நோயால் வீங்கிய கணையம் புற்றைப் போலவே மஞ்சள் காமாலையை உண்டாக்கும். ஸ்டீராய்டு மருந்தில் அது வடிந்துவிடும். இந்தியாவில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: காசநோய். கணையத்திலோ அதைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களிலோ வரும் காசநோய், சி.டி. படத்தில் பரவிய புற்றாகத் தோன்றி, குடும்பத்தையே நிலைகுலையச் செய்துவிடும். ஊசியால் எடுத்த திசுவில் காசநோய்க்குரிய அணுத்திரள் தெரிந்தாலோ, சி.பி.நாட் எனப்படும் மரபணுச் சோதனையில் கிருமி உறுதியானாலோ, அறுவைக்கும் கீமோதெரபிக்கும் மாறாக மாத்திரைகளோடு சிகிச்சை முடிகிறது. இவ்வகை நோயில் கிருமிகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் சோதனையில் கிருமி தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துக் காசநோயை விலக்கிவிடவும் முடியாது. நம் நாட்டில் படத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டாமல் திசுவுக்காக வற்புறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

மூன்றாவது, நீர்க்கட்டிகள். வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும் கணைய நீர்க்கட்டிகள் இப்போது அன்றாட நிகழ்வாகிவிட்டன. அதனால் வரும் அச்சமும் அப்படியே. இவற்றில் சில முற்றிலும் தீங்கற்றவை. தேன்கூட்டைப் போல நுண்ணறைகள் நிறைந்த சீரஸ் வகை அத்தகையது. கணைய அழற்சிக்குப் பிறகு நீர் தேங்கி உண்டாகும் போலி நீர்க்கட்டியும் புற்றாக மாறாது. கோழை சுரக்கும் வகைகளே பிற்காலத்தில் புற்றாக மாறும் வாய்ப்புள்ளவை. பிரித்தறியக் கட்டியின் உள்ளே மேடு ஏதும் இருக்கிறதா, முதன்மைக் கணையக் குழாய் விரிந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். குழாய் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தாலும், 5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட, ரத்த ஓட்டமுள்ள மேடு உள்ளே இருந்தாலும் அறுவையைத் தீவிரமாக யோசிக்க வேண்டும். படம் போதாதபோது ஊசியால் நீரை உறிஞ்சிச் சோதிப்பார்கள், அதில் சி.இ.ஏ. என்ற புரதம் மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமைத் தாண்டினாலும், குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலும் கோழை வகைக்கு வாய்ப்பு அதிகம். சி.இ.ஏ. எவ்வளவு உயர்ந்தாலும் கட்டி புற்றாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை; வகையைத்தான் அது சொல்கிறது, நிலையைச் சொல்வதில்லை. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுவே.

நான்காவது, நாட்பட்ட கணைய அழற்சி. இதில்தான் இ.யூ.எஸ். சற்றுத் தடுமாறுகிறது. முற்றிய நோயில் கற்களும் விரிந்த குழாயும் சி.டி.யிலேயே தெரிந்துவிடும், தொடக்க நிலையில் தெரியும் மெல்லிய வெண்புள்ளிகளும் கீற்றுகளும் முதுமையிலும் மதுப்பழக்கத்திலும் நோயின்றியே தோன்றக்கூடும். எந்த அடையாளங்கள் எத்தனை இருந்தால் நோய் என்று கொள்ளலாம் என்பதை வரையறுக்க 2009இல் ரோஸ்மான்ட் அளவுகோல்கள் வெளியிடப்பட்டன. அவற்றை வைத்துக்கொண்டும் ஒரே படத்தை இருவர் இருவிதமாகப் படிப்பது நின்றுவிடவில்லை. கேரளத்திலும் தமிழகத்திலும் இளம் வயதினரிடம் பெரிய கற்களோடும் நீரிழிவோடும் காணப்படும் வெப்பமண்டலக் கணைய அழற்சிக்கு இது இன்னொரு வகையில் தொடர்புடையது. 1960களில் கேரளத்தில் மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்த அந்நோயைக் கண்டறிய எக்ஸ்ரேயே பெரும்பாலும் போதும். ஆனால் அந்த நோயாளிகளுக்குக் கணையப் புற்று வரும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதைச் சென்னை நோயாளிகளைக் கொண்டு 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. கற்களும் தழும்பும் நிறைந்த கணையத்துக்குள் புதிதாக முளைத்த கட்டியைக் கண்டுபிடிப்பது கடினம். கற்கள் ஒலியைத் தடுத்து நிழல் விழச் செய்கின்றன, ஊசியின் துல்லியமும் அங்கே குறைகிறது. ஆகவே பல ஆண்டுகளாக நோயுள்ள ஒருவருக்கு வலியின் தன்மை திடீரென்று மாறினாலோ, எடை வேகமாகக் குறைந்தாலோ, மஞ்சள் காமாலை வந்தாலோ, ஒரே பரிசோதனையில் ஏதும் தெரியவில்லை என்று விட்டுவிடுவது சரியாகாது.

பித்தக்குழாயில் கல்: ஏன் நேரடியாக இ.ஆர்.சி.பி. செய்வதில்லை

பித்தப்பையிலிருந்து நழுவிய கல் பொதுப் பித்தக்குழாயில் தங்கினால் வலி, காமாலை, காய்ச்சல், கணைய அழற்சி ஆகியவை வரலாம். அதை வெளியே எடுக்க வாய் வழியே குழாய் செலுத்திச் செய்யும் இ.ஆர்.சி.பி. என்ற முறை உண்டு. கல்லைத் தேடுவதற்கும் அதையே செய்துவிட்டால் என்ன என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும். தர்க்கம் இப்படிச் செல்கிறது:

1. இ.ஆர்.சி.பி. செய்தவர்களில் ஏறத்தாழ 3 முதல் 10 சதவீதத்தினருக்குக் கணைய அழற்சி உண்டாகிறது. சிலருக்கு அது கடுமையாகவும் இருக்கும்.

2. ஆகவே கல் இருப்பது ஏறக்குறைய உறுதி என்றால் மட்டுமே அந்த அபாயத்தை ஏற்கலாம். ஸ்கேனில் கல் நேரடியாகத் தெரிவது, பித்தக்குழாயில் சீழ்பிடித்து நடுக்கக் காய்ச்சல் வருவது, குழாய் விரிந்து, காமாலைக்குக் காரணமான பிலிருபின் நிறமி ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 4 மில்லிகிராமைத் தாண்டுவது ஆகியவை அத்தகைய நிலைகள் என்று அமெரிக்க எண்டோஸ்கோப்பிச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் கூறுகிறது.

3. கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் மாற்றம், 55 வயதுக்கு மேல், லேசாக விரிந்த குழாய் போன்ற இடைப்பட்ட நிலையில் உள்ளவர்களுக்கு முதலில் இ.யூ.எஸ். அல்லது பித்தக்குழாயையும் கணையக் குழாயையும் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனான எம்.ஆர்.சி.பி. செய்து, கல் இருந்தால் மட்டும் இ.ஆர்.சி.பி.க்குச் செல்கிறார்கள்.

இடைப்பட்ட நிலையில் எம்.ஆர்.சி.பி.யும் இ.யூ.எஸ்.சும் மொத்தத்தில் ஏறத்தாழச் சமமான துல்லியம் கொண்டவை. எம்.ஆர்.சி.பி.யில் உடலுக்குள் எதையும் செலுத்த வேண்டாம், மயக்க மருந்தும் தேவையில்லை. 5 மி.மீ.க்கும் சிறிய கல்லைப் பிடிப்பதில் இ.யூ.எஸ். முந்துகிறது, கல் தெரிந்தால் அதே மயக்கத்திலேயே எடுத்துவிடும் வசதியும் சில இடங்களில் உண்டு. கணைய அழற்சி வந்த ஒருவருக்கு மதுப்பழக்கம் இல்லை, வயிற்று ஸ்கேனில் கல்லும் இல்லை என்ற நிலையில் பித்தப்பையில் படிந்திருக்கும் மணல் போன்ற துகள்களைக் கண்டுபிடிக்கவும் இதையே நாடுகிறார்கள். பித்தப்பையை அகற்றினால் மீண்டும் அழற்சி வருவதைப் பெருமளவு தடுத்துவிடலாம் என்பதால், இந்தத் துகள்களைச் சிறிய விஷயம் என்று ஒதுக்க முடியாது.

ஊசி சொல்வதும் சொல்லாததும்

ஊசியின் பருமனை 19, 22, 25 என்ற எண்களால் குறிப்பார்கள். எண் கூடக்கூட ஊசி மெல்லியதாகும். தனித்தனி உயிரணுக்களை உறிஞ்சி எடுப்பது எஃப்.என்.ஏ.; நுனியில் சிறப்பு வெட்டுமுனை கொண்ட ஊசியால் திசுத்துணுக்கையே எடுப்பது எஃப்.என்.பி. கட்டியின் வகையை நிறமேற்றிச் சோதிக்கவும் மரபணு மாற்றத்தைப் பார்க்கவும் திசுத்துணுக்கு தேவை என்பதால் இரண்டாவது முறை இப்போது பரவலாகியிருக்கிறது. ஜி.ஐ.எஸ்.டி.க்கு இமாட்டினிப் மாத்திரை வேலை செய்யுமா என்பதைத் தீர்மானிப்பதும் அத்தகைய சோதனையே.

கணையக் கட்டியில் ஊசிச் சோதனை புற்று என்று சொன்னால் அது பெரும்பாலும் தவறுவதில்லை. புற்று இல்லை என்று சொன்னால் அதே உறுதி கிடையாது. புற்றுள்ளவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு முதல் முறையில் விடை கிடைக்காமல் போகலாம், ஏனெனில் கட்டியைச் சுற்றியுள்ள தழும்புத்திசுவில் ஊசி பட்டிருக்கும். படமும் அறிகுறியும் புற்றை நோக்கிக் காட்டும்போது, ஊசி முடிவு எதிர்மறையாக வந்தால் மறுபடியும் எடுப்பதே முறை. இன்னொரு புறம், சி.டி.யில் தெளிவாகப் புற்றின் தோற்றம் கொண்ட, அறுவையால் முழுவதும் அகற்றக்கூடிய கட்டிக்கு அறுவைக்கு முன் ஊசி கட்டாயம் இல்லை. முதலில் கீமோதெரபி என்று முடிவானால் மட்டும் திசு உறுதி அவசியம்.

உணவுக்குழாயிலிருந்து ஊசி செலுத்தி நெஞ்சின் நடுப்பகுதியில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் சோதிக்கலாம். இருமல் நோய்க்காரர் குடல் மருத்துவரிடம் அனுப்பப்படுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. மூச்சுக்குழாய் பிரியும் இடத்துக்குக் கீழே உள்ள கணுக்களுக்கு உணவுக்குழாயே அண்டை வீடு. ஆனால் நெஞ்சில் இருப்பது வெறும் நீர்க்கட்டி என்றால் ஊசி குத்தக் கூடாது. கடுமையான தொற்று ஏற்படலாம்.

புற்றின் ஆழம்

உணவுக்குழாய்ப் புற்று சுவரின் எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது, அருகிலுள்ள கணுக்கள் பாதிக்கப்பட்டுள்ளனவா என்பதைக் கணிக்க இ.யூ.எஸ். உதவுகிறது. தூரத்து உறுப்புகளுக்குப் பரவியதைச் சொல்ல அதனால் ஆகாது. கட்டியால் பாதை குறுகி, கருவி நுழையாமல் போவதும் உண்டு. மலக்குடல் புற்றில் இப்போது எம்.ஆர்.ஐ. முதலிடத்தைப் பிடித்துவிட்டது. கதிர்வீச்சுக்குப் பிறகு தழும்பையும் எஞ்சிய புற்றையும் ஒலிப்படத்தில் பிரித்தறிவது மிகக் கடினம்.

தயாரிப்பும் அபாயமும்

பரிசோதனைக்கு முன் ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு தேவை. இ.யூ.எஸ். கருவி சாதாரண எண்டோஸ்கோப்பைவிடப் பருமனானது, நுனி விறைப்பானது, நேரமும் கூடுதலாகும். அதனால் மயக்க மருந்து கொடுத்தே பெரும்பாலும் செய்கிறார்கள். அன்று வண்டி ஓட்டக் கூடாது, உடன் ஒருவர் வர வேண்டும்.

ரத்தத்தை இளக்கும் மருந்து உட்கொள்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படம் மட்டும் எடுப்பதற்குப் பெரும்பாலும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. ஊசி போடுவதாக இருந்தால் குளோபிடோக்ரல் போன்றவற்றைச் சில நாள்களுக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரினைப் பொதுவாகத் தொடரலாம். இதய நாளத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு ஊசியால் வரும் ரத்தக்கசிவைவிட ஸ்டென்ட் அடைபடுவது பெரிய ஆபத்து.

படம் மட்டும் எடுக்கும்போது குடலில் துளை விழுவது பத்தாயிரத்தில் ஒரு சிலருக்கு நேரும் அரிய நிகழ்வு. ஊசியும் சேர்ந்தால் சிக்கல்கள் சுமார் 1 சதவீதம். கணைய அழற்சி, ரத்தக்கசிவு, தொற்று ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பரிசோதனைக்குப் பிறகு கடும் வயிற்று வலி, காய்ச்சல், கருநிற மலம், ரத்த வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திராமல் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

எவருக்குத் தேவையில்லை, எப்போது பயனில்லை

"முழு உடல் பரிசோதனையில் இதையும் சேர்த்துவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அறிகுறி ஏதும் இல்லாத பொதுமக்களிடம் கணையப் புற்றைத் தேடிச் சோதிப்பதை அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2019இல் பரிந்துரைக்க மறுத்தது. சந்தேகத்துக்கிடமான சிறு மாற்றங்கள் பலரிடம் தெரியும், அவற்றைத் துரத்திச் செய்யும் ஊசியும் அறுவையும் நன்மையைவிடத் தீமையைத் தரும். நெருங்கிய ரத்த உறவினர் பலருக்குக் கணையப் புற்று வந்த குடும்பத்தினருக்கும் சில மரபணு மாற்றங்கள் உள்ளவர்களுக்கும் மட்டும் எம்.ஆர்.ஐ., இ.யூ.எஸ். கண்காணிப்பு பேசப்படுகிறது. ஆகவே இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கும் மருத்துவரிடம் நோயாளி கேட்க வேண்டிய கேள்வி, "இதன் முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்பதே. இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், பரிசோதனைக்குக் காரணம் இல்லை.

உடல் அமைப்பாலும் எல்லை உண்டு. உடல் பருமனுக்கான பைபாஸ் அறுவையால் இரைப்பையின் பாதை மாற்றப்பட்டவர்களுக்கு முன்சிறுகுடலை எட்ட இயலாததால் கணையத் தலையும் பித்தக்குழாயின் கீழ்ப்பகுதியும் தெரியாமல் போகும். கல்லீரலின் வலப்பக்கத்தின் பெரும்பகுதியும் கருவிக்கு அப்பால்தான் இருக்கிறது.

அதைவிட அடிக்கடி பயனைக் கெடுப்பது பரிசோதனைகளின் வரிசை. காமாலையைக் குறைக்கப் பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு இ.யூ.எஸ். செய்தால், ஸ்டென்டின் நிழலும் அதைச் சுற்றிய வீக்கமும் சிறு கட்டியை மறைக்கும். சீழ்க்காய்ச்சல் போன்ற அவசரம் இல்லாதபோது படத்தை முதலில் எடுத்துவிட்டு ஸ்டென்டைப் பிறகு வைப்பது நல்லது. கடும் கணைய அழற்சிக்குப் பின் கட்டியைத் தேடுவதாக இருந்தால், வீக்கம் வடிய நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருந்து செய்தால்தான் படத்தை நம்பிப் படிக்க இயலும். முந்தைய சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றின் அறிக்கைத் தாளோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கொண்டுசெல்ல வேண்டும். எந்த இடத்தில், எத்தனை மி.மீ. பரப்பைத் துருவ வேண்டும் என்பதைச் செய்யும் மருத்துவர் அந்தப் படங்களிலிருந்தே தீர்மானிக்கிறார்.